ஏதோ கறக்குதுங்க

காலை ஐந்து மணிக்கு வாரியம் மடிகளைத் திறந்துவிட்டது. நாளுக்கு ஒரே திறப்புதான். கருக்கம்பாளையம் பால் தடத்தில் இருந்த நானூற்றுச் சொச்சம் மாடுகளுக்கும் அதே நொடியில் பால் இறங்கியது. பிருந்தா வாளியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவலை கால் மாற்றி நின்று, ஒரு பெருமூச்சு விட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டு லிட்டர் ஆனதும் நின்றுவிட்டது. பிருந்தா காம்பை இழுத்தாள், மடியைத் தடவினாள், "என்ற சாமி, இன்னுங் கொஞ்சம்" என்று கெஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. நேற்று இதே நேரத்தில் பதினாலு லிட்டர் கொடுத்த மாடு அது.

மாட்டுக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை. பிருந்தாவின் வாய்தான் காரணம். அது புரிய வேண்டுமானால் முந்தின நாள் வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் மடிப்பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் பால் விலை பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஏறினால் டீக்கடைக்காரர்கள் கத்தினார்கள். இறங்கினால் மாட்டுக்காரர்கள் கேன் கேனாக ரோட்டில் கொட்டினார்கள். ரோட்டில் கொட்டுகிற பாலை மடியிலேயே நிறுத்திவிட்டால் என்ன என்று யாரோ ஒரு விஞ்ஞானி யோசித்தார். பிறந்தது மடிப்பூட்டு. வேப்பங்கொட்டை அளவுதான் இருக்கும். மடிக்குள் வைத்துத் தைத்துவிட்டால், எப்போது சுரக்க வேண்டும், எவ்வளவு சுரக்க வேண்டும் என்று சுரப்பியிடம் அதன் பாஷையிலேயே பேசும். தலைநகரத்தில் விலைநிறுத்தி என்றொரு பெரிய இயந்திரம் உண்டு. நாளைக்கு மாநிலம் எத்தனை லிட்டர் குடிக்கும் என்று அது கணக்குப் போட்டு, அத்தனை லிட்டரை மட்டும் மாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. ஒன்பது வருஷமாகப் பால் விலை ஒரு பைசா அசையவில்லை. கன்றுகளுக்கு மட்டும் மாவுக்கரைசல். அவை அதைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்லும்!

பூட்டின் பராமரிப்புக்காக லிட்டருக்கு இவ்வளவு என்று சுரப்புத் தீர்வை வாங்கினார்கள். பதிவான அளவுக்குத் தீர்வை. மாடு காய்ச்சலில் படுத்திருந்தாலும் தீர்வை. அதை எதிர்த்து ஊரே புறவழிச்சாலையில் மூன்று நாள் உட்கார்ந்தது. "எங்க மாட்டு அளவை எங்க வாய் சொல்லட்டும்!" என்று கத்தியவர்களில் பிருந்தாவும் ஒருத்தி, தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சே வரவில்லை. அரசாங்கம் இறங்கி வந்தது. மாடு கட்டும் கொட்டகையில், ஒவ்வொரு கட்டுத்தறியிலும் ஒரு செவிப்பெட்டி மாட்டினார்கள். சொந்தக்காரர் தன் மாட்டின் முன்னால் நின்று, "வாரியத்துக்குச் சொல்கிறேன், அளவைக் குறை" என்று சொன்னால் போதும். அந்த நொடியே அளவு குறையும், தீர்வையும் குறையும். கூட்டுவதுதான் கஷ்டம். ஒருவர் குறைத்த லிட்டர், தடத்தில் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்கு அப்போதே போய்விடும். இன்னொருவர் குறைத்தால்தான் திரும்பக் கிடைக்கும். சட்டப்படி, சொந்தக்காரர் வாயால் அல்லாமல் வாரியம் தானாக யாருடைய அளவையும் குறைக்கக் கூடாது. அதுவும் போராடி வாங்கியதுதான்.

போன மாதம் வாரியம் மக்களுக்கு இன்னொரு வசதி செய்து கொடுத்தது. இனிமேல் "வாரியத்துக்குச் சொல்கிறேன்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டியதில்லை. செவிப்பெட்டிக்குப் பேச்சுத் தமிழ் கற்றுக் கொடுத்தாகிவிட்டது, சும்மா பேசினாலே புரிந்துகொள்ளும் என்று எல்லோருடைய கைபேசிக்கும் அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பையெல்லாம் யார் படித்தார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் முந்தின நாள் கிழக்காலூர் ஷர்மிளா வந்தாள். "இந்தப் பக்கமா வந்தனுங்க, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றாள். காப்பி குடித்தாள். எழுந்து கட்டுத்தறிப் பக்கம் போய்ச் செவலையின் முதுகைத் தட்டினாள்.

"மாடு நல்லாருக்குதுங்க. எவ்வளவுங்க கறக்குது?"

மாடு வைத்திருக்கும் எவளும் இந்தக் கேள்விக்கு நிஜத்தைச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பிருந்தாவின் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை. நிஜத்தைச் சொன்னால் கண் பட்டுவிடும், மடி வற்றிவிடும். பிருந்தாவும் யோசிக்கவே இல்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது.

"ஏதோ கறக்குதுங்க" என்றாள்.

உத்தரத்தில் செவிப்பெட்டியின் பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கியது. பிருந்தா அதைப் பார்க்கவில்லை. ஷர்மிளா பார்த்தாள். பார்த்ததும் நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

பால் நின்ற அன்று பத்து மணிக்கெல்லாம் பிருந்தா தடத்து அலுவலகத்தில் நின்றாள். அங்கே அளவர் மகிழ்நன் என்ற இளைஞன் இருந்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், நல்ல பையன். திரையைத் திருப்பிக் காட்டினான்.

"உங்க வாயால நீங்களே குறைச்சிருக்கீங்கம்மா. 'ஏதோ' அப்படின்னா பெட்டியோட அகராதியில ரெண்டு லிட்டர்."

"யாருங்க அப்படி எழுதி வெச்சது?"

"தலைநகரத்துல, மொழிப்பிரிவுல. 'எங்கீங்க கறக்குது'ன்னா ஒன்றரை. 'வீட்டுச் செலவுக்கே பத்தல'ன்னா ஒண்ணு. ஏம்மா, பதினாலு லிட்டர் கறக்கிற மாட்டுக்கு எதுக்கு 'ஏதோ'ன்னு சொன்னீங்க?"

"வேற எப்படித் தம்பி சொல்றது? பதினாலுன்னு சொன்னா கண்ணு பட்டுராதா?"

மகிழ்நன் சிரித்துவிட்டான். "கண்ணு படறதெல்லாம் இந்தக் காலத்துலயாம்மா!"

"பட்டுருச்சே தம்பி" என்றாள் பிருந்தா.

அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். இந்த ஒரு மாதத்தில் இதே தடத்தில் முப்பத்தொரு மாடு இப்படிப் போயிருக்கிறது என்றான். பிருந்தாவின் பன்னிரண்டு லிட்டரும் வரிசையில் முதலில் நின்ற ஷர்மிளாவுக்குப் போயிருக்கிறது. அவளுடைய மாடும் போன வாரம் இதே மாதிரி நின்றுபோனதுதானாம்.

"சரிங்க, இப்ப என்ற மாட்டுக்கு என்ன வழி?"

அவன் சொல்லத் தயங்கினான். நாலு லிட்டருக்குக் கீழே உள்ள மடியிலிருந்து வருகிற தீர்வை, பூட்டின் செலவுக்குக் கட்டாது. பூட்டோ வாரியத்தின் சொத்து. ஏழு நாளைக்கு அளவு ஏறாவிட்டால் எட்டாம் நாள் மீட்பு வண்டி வந்து பூட்டை எடுத்துக்கொண்டு போகும். உயிரோடு இருக்கிற மாட்டிலிருந்து பூட்டை எடுக்க முடியாது.

பிருந்தாவின் புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். காடு கழனியும் இல்லை, வேலையும் இல்லை. செவலை கறந்துதான் வீட்டில் உலை கொதித்தது. அதையெல்லாம் விட, கன்றாக வந்த நாளிலிருந்து அவள் குரலைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிற மாடு அது. அதைப் போய் அறுப்பதா?

"அவசர வரிசையில உங்க பேரை முதல்ல போட்டுட்டேன். தடத்துல யாராவது குறைச்சா அந்த நொடியே உங்களுக்குத்தான்" என்றான் மகிழ்நன். பிறகு அவசரமாக, "யாரையாவது குறைக்க வைங்கன்னு நான் சொல்லலைங்கம்மா" என்றும் சொன்னான்.

அவன் சொல்லாவிட்டால் என்ன? வழி தெரிந்துவிட்டது.

முதல் நான்கு நாளும் பிருந்தா ஊர் ஊராக நடந்தாள். ஆனால் செய்தி அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. ஒரு வீட்டில் கேட்டையே திறக்கவில்லை. ஒரு வீட்டில் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். பள்ளத்துத் தோட்டத்தில் ஒருவர் கட்டுத்தறி வரைக்கும் அழைத்துப் போனார், கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு "பத்தொம்பது லிட்டரு!" என்று கத்தினார். கத்திவிட்டுத் "தூ, தூ" என்று இரண்டு பக்கமும் துப்பினார். நிஜத்தைச் சொல்வது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது, பாவம்.

ஐந்தாம் நாள் பிருந்தா வாய்க்காலைத் தாண்டி ரித்விகாவின் வீட்டுக்குப் போனாள்.

அந்த வீட்டைக் கடைசி வரை விட்டு வைத்திருந்தாள். ரித்விகாவுக்கு இருபத்து மூன்று வயது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸில் கூடவே போனவள் பிருந்தாதான். குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான். ரித்விகாவிடம் இருந்ததும் ஒரே மாடு. அது பதினொரு லிட்டர் கறக்கும் என்பது பிருந்தாவுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, கேன் தூக்கும்போது தோள் சாய்வதைப் பார்த்தாலே தெரியாதா?

"வாங்கக்கா" என்று ஓடி வந்தாள் ரித்விகா. "செவலைக்கு ஏதாச்சும் வழி பொறந்துதுங்களா?"

"இன்னும் இல்ல கண்ணு."

"எனக்கு ரெண்டு நாளா சோறே எறங்கலீங்க."

அவள் நிஜமாகவே சொன்னாள். பிருந்தாவுக்கு அப்போதே எழுந்து போய்விட வேண்டும் போல் இருந்தது. போகவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே கட்டுத்தறிப் பக்கம் நடந்தாள். ரித்விகா கூடவே வந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரம்தான் அது. பிருந்தா நான்கு நாளில் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்டால் ஜாக்கிரதையாகிவிடுகிறார்கள். அதனால் அவள் கேட்கவில்லை. மாட்டின் கழுத்தைச் சொறிந்தாள். மடியைக் குனிந்து பார்த்தாள்.

"அடேயப்பா! என்னமா தேறிப் போச்சு கண்ணு உன்ற மாடு! மடியப் பாரு, கொடமாட்டம் இருக்குது. இந்தத் தடத்துலயே இப்படி ஒரு மாடு நான் பாத்ததில்ல."

தன் மாட்டைப் புகழ்ந்தால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க யாரால் முடியும்?

"அட போங்கக்கா, நீங்க வேற! வீட்டுச் செலவுக்கே பத்தல."

சொல்லி முடித்த பிறகுதான் ரித்விகாவுக்கு உறைத்தது. கை தானாக வாய்க்குப் போனது. பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கிவிட்டது. "அளவு குறைப்பு பதிவாயிற்று. ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக. பெட்டிகளுக்கு அந்த வாரம்தான் வாயும் கொடுத்திருந்தார்கள்.

"இல்லீங்க, இல்லீங்க! பதினொண்ணு! பதினோரு லிட்டருங்க!" என்று ரித்விகா பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

"அளவைக் கூட்ட, தடத்து அலுவலகத்தை அணுகவும்" என்றது பெட்டி.

பிருந்தா குழந்தையை அவளிடம் கொடுத்தாள். வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் செவலை பன்னிரண்டு லிட்டர் கொடுத்தது. வாளி நிரம்ப நிரம்ப பிருந்தா அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் ரித்விகாவின் பெயர் அவசர வரிசையில் ஏறியிருந்தது. மூன்று நாள் கழித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள். நேராகக் கட்டுத்தறிக்குள் நுழைந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. செவலையின் முதுகில் கை வைத்தாள்.

"மாடு நல்லா தேறிருச்சுங்கக்கா" என்றாள். அவளுக்கு இந்த வேலை வரவில்லை. "எவ்வளவு... எவ்வளவுங்க கறக்குது?"

வந்ததற்குக் காரணம் இருவருக்கும் தெரியும். "ஏதோ கறக்குது" என்று பிருந்தா ஒரு வார்த்தை சொன்னால் அவள் மாடு பிழைத்துவிடும், இவள் மாடு போய்விடும். பாதியைச் சொல்லியிருக்கலாம். "ஆறு" என்றால் இரண்டு மாடும் பிழைத்திருக்கும். அந்த யோசனை பிருந்தாவுக்கு வராமல் இல்லை. ஆறு லிட்டரில் வீடு நடக்குமா என்ற யோசனையும் பின்னாலேயே வந்தது. அடுத்து வேறு எவளாவது வந்து கேட்டால் அந்த ஆறும் நிற்குமா என்ற பயமும் வந்தது.

"பன்னெண்டு லிட்டர்" என்றாள் பிருந்தா. "ஒரு சொட்டு கொறையாது."

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒரு மாட்டின் அளவை நிஜமாகச் சொன்னாள். பெட்டி பேசாமல் இருந்தது. ரித்விகா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் திட்டியிருந்தால் பிருந்தாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

ரித்விகாவின் மாட்டுக்குப் பால் குறைந்த எட்டாம் நாள் காலை மீட்பு வண்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மாடு ஏற மறுத்துக் கத்துவது இங்கே வரை கேட்டது. பிருந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தடத்தில் பேச்சே மாறிவிட்டது. யாரும் யார் வீட்டுக் கட்டுத்தறிக்கும் போவதில்லை. தப்பித் தவறி யாராவது விசாரித்தால், குழந்தைகள்கூட "பதினாறு லிட்டர்" என்று பட்டென்று சொல்லிவிட்டு ஓடின. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களையும் வாசலிலேயே நிறுத்தினார்கள். ஊரே உண்மை பேசியது. உண்மை பேசிய ஊரில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது நின்றுபோனது.

இரண்டு மாதம் கழித்து மகிழ்நன் ஒரு கடிதத்தோடு பிருந்தாவின் வீட்டுக்கு வந்தான். அவன் முகம் சரியில்லை.

"வெயில் காலம்மா. ஊர்ல எல்லாரும் பாலை விட்டுட்டு சர்பத்தும் இளநீருமா குடிக்கிறாங்க. விலைநிறுத்தி அளவைக் குறைக்கணும்ங்குது. ஆனா இப்ப யாரும் வாயால குறைக்கிறதில்ல. வாரியமா குறைக்கவும் சட்டம் விடாது. இப்படியே போனா விலை அசைஞ்சுடும்."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"புதுசா ஒரு வேலை உண்டாக்கியிருக்காங்க. கேட்பவர்னு பேரு. தினம் நாலு வீட்டுல பேசிக் குறைக்க வைக்கணும். குறைஞ்சது இனி வரிசைக்குப் போகாது. சம்பளம் உண்டு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரித்விகா வீட்டுல நீங்க பேசினது பெட்டியில இருக்கும்மா. தலைநகரத்துல அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கிட்டாங்க. கேள்வியே கேட்காம குறைக்க வெச்ச ஒரே ஆள் நீங்கதானாம்."

பிருந்தாவுக்குக் காதெல்லாம் சுட்டது. "இந்தப் பொழப்புக்கு நான் வரலீங்க தம்பி. போயிருங்க."

"சரிங்கம்மா. ஆனா ஒண்ணு, கேட்பவர் வீட்டுக்கு மட்டும் வேற கேட்பவர் வர மாட்டாங்க. வேலைக்குச் சேராட்டி, உங்க வீடும் பட்டியல்ல இருக்கும்."

செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. பிருந்தா அதைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். பக்கத்து ஊருக்குப் போவதற்காகப் பிருந்தா பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அங்கே ரித்விகா குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மாடு போன பிறகு அவள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள் என்று கேள்வி. குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. கன்னம் கொழுகொழுவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் பிருந்தாவுக்கு எல்லாம் மறந்துபோனது. வேலை மறந்துபோனது, கூச்சம் மறந்துபோனது. இது அவள் கையில் வாங்கிய குழந்தை.

"என்ற தங்கம்! எப்படி வளந்துட்ட! நல்லாப் பால் குடிக்கறானா கண்ணு?"

அங்கே பெட்டி எதுவும் இல்லை. வாரியம் இல்லை. வெறும் ரோடும் புளியமரமும்தான். ஆனாலும் ரித்விகா முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"எங்கீங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. "வாயிலயே வெக்கறதில்ல. எளச்சுப் போய்க் கெடக்குது."

பஸ் வந்தது. பிருந்தா மட்டும் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தாள். ரித்விகா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கீழே குனிந்திருந்தாள். பிருந்தா நின்றிருந்த இடத்தில், அவள் செருப்புத் தடம் பதிந்திருந்த மண்ணை ஒரு காகிதத்தில் வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள், உப்பு மிளகாயோடு குழந்தைக்குச் சுற்றி அடுப்பில் போடுவதற்காக.